மரபு காக்கும் குழுவில் யார் அமர்வது?



ஆண்டு விழாவிலே மொழியின் சிறப்பையும் இலக்கியத்தின் இனிமையையும் பேசுவது நமது சங்கத்தின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வறண்டதாகத் தோன்றலாம். பழைய கட்டடங்களையும் நினைவிடங்களையும் காப்பதற்கென அரசு அமைக்கும் குழுவிலே எத்தனை பேர் இருத்தல் வேண்டும்? அவ்வெண்ணிக்கையைக் குறைப்பது நன்றா, தீதா? இக்கேள்வி அலுவலர்க்கு மட்டும் உரியதன்று. அந்தமான் நிக்கோபாரிலே வேரூன்றிய குடும்பங்களாகிய நமக்கும் உரியது.

குறைக்க வேண்டும் என்பாரின் கூற்றிலே உண்மை உண்டு. குழு பெரிதாயின் அதனைக் கூட்டுவதே பெரும்பாடு. அதிலும் நமது தீவுகளின் நிலை வேறு. பெருநிக்கோபாரின் காம்பெல் விரிகுடாவிலிருந்து தலைநகருக்குக் கடல்வழி 500 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் தவறினால் கூட்டமும் தவறும். வரவேண்டியோர் வாராதபோது கோரம் இல்லையென்று கூட்டம் தள்ளிப்போகும். அதற்குள் மழை ஒரு கூரையைத் தின்றுவிடும். ஆலம் வேர் ஒரு சுவரைப் பிளந்துவிடும்.

ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்ப்போம். பதினைவர் அமர்ந்த குழுவிலே மூன்றில் ஒரு பங்கினர் வந்தால் போதும் என்று விதி இருக்குமானால், ஐவரே முடிவு செய்வர். குழுவை ஐவராகவே சுருக்கினாலும் முடிவு செய்வோர் ஐவரே. வேறுபாடு எங்கே உள்ளது? பதினைவரில் ஒருவர் இடம் வெறுமையாயின் குழுவுக்குக் குறை தோன்றாது. ஐவரில் ஒருவர் இடம் வெறுமையாயின் ஒரு துறையே கண்ணிழந்துவிடும். ஆகவே எத்தனை பேரைக் குறைக்கிறோம் என்பதைவிட, எவரைக் குறைக்கிறோம் என்பதே உயிரான வினா.

நமது நாட்டுச் சட்டமே சிறு குழுவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தேசிய நினைவுச்சின்ன ஆணையம் தோன்றியது. தலைவர் ஒருவர், முழுநேர உறுப்பினர் ஐவருக்கு மேற்படாமல், பகுதிநேர உறுப்பினர் ஐவருக்கு மேற்படாமல், பதவி வழியாகத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் ஒருவர் என்பது அதன் அமைப்பு. இப்பெருநாடு முழுமைக்கும் பன்னிருவர்! அமெரிக்காவிலோ, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாநிலந்தோறும் ஒரு மறுஆய்வுக் குழு இயங்குகிறது. அக்குழு சிறிதாயினும், பெரும்பான்மையோர் வரலாறு, தொல்லியல், கட்டடக்கலை முதலிய துறைகளிலே தகுதி பெற்றோராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. எண்ணைச் சுருக்குவோர் தகுதியையும் சுருக்கிவிடாதபடி இட்ட வேலி அது.

தகுதி என்பது பட்டம் மட்டுமன்று. நமது செல்லுலார் சிறையை நினைந்து பாருங்கள். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அக்கட்டடத்திற்கு நடுக்கோபுரமும் ஏழு சிறகுகளும் இருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. விடுதலைக்குப் பின்னரும் அச்சிறகுகள் இடிபட்டபோது, எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் முன்னின்றோர் அங்கே அடைபட்டிருந்த பழைய கைதிகளே. அச்சுவரின் பொருளைத் தம் உடம்பினால் அறிந்தவர்கள் அவர்கள். 1979 பிப்ரவரி 11ஆம் நாள், பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனைத் தேசிய நினைவகமாக நாட்டுக்கு அளித்தார். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இடத்தோடு வாழ்ந்தவரின் சொல் இல்லாதிருந்தால், மூன்று சிறகுகளேனும் எஞ்சியிருக்குமா?

இனி நமது குடும்பங்களின் வரலாற்றுக்கு வருவோம். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலே குடியமர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. உயிரிழப்பை எண்ணினார்கள், வீடிழப்பையும் எண்ணினார்கள். முதல் குடியேறிகளின் கடிதங்களும் படங்களும் கருவிகளும் எத்தனை கடலிலே கலந்தன என்று எண்ணியவர் யார்? பட்டியலில் ஏறாத பொருளுக்கு இழப்புக் கணக்கும் இல்லை. குழுவைச் சுருக்கும்போது முதலில் நீங்கும் பெயர் பெரும்பாலும் தொலைதூரத் தீவினருடையதே. பயணப்படி மிகுதி, வருகை குறைவு என்று காரணமும் எளிதாய்க் கிடைக்கும். சட்டமன்றம் இல்லாத இவ்வொன்றியப் பகுதியிலே, ஒரு குழுவின் நாற்காலி என்பது மக்களின் வாயாகும். அதனை எடுத்தால் பேச வேறு இடம் அரிது.

பட்டியலிலே ஏறினாலும் காவல் வேண்டும். நாட்டின் 3,693 பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் 50 காணாமற்போயின என்றும், 248 இடங்களிலேதான் காவலர் உள்ளனர் என்றும் 2022இல் நாடாளுமன்றக் குழுவின்முன் கலாச்சார அமைச்சகம் தெரிவித்தது. தமிழ்நாட்டிலே மரபுடைமை ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024இல். ஆகவே குழு பெரிதா சிறிதா என்று வழக்காடுவதோடு நின்றுவிடலாகாது. அது கூடுகிறதா, பார்க்கிறதா, எழுதி வைக்கிறதா என்றும் கேட்டல் வேண்டும்.

நமது வேண்டுகோள் இதுவே. குழு எவ்வளவு சிறிதாயினும் மூன்று இடங்கள் குறையலாகா: வரலாறு அறிந்தவர்க்கு ஒன்று, சுண்ணாம்பும் மரமும் அறிந்த கட்டடக் கைவினைஞர்க்கு ஒன்று, அந்தந்தத் தீவின் மக்களுக்கு ஒன்று. நிக்கோபாரைப் பற்றிய முடிவிலே நிக்கோபாரியர் இருத்தல் வேண்டும். அவர்களுக்குப் பின் வந்த நாம் அவர்கள் உரிமையை மறந்து நம் உரிமை கேட்பது அழகன்று. நேரில் வர இயலாதார் தொலைக்காட்சி உரையாடல்வழிப் பங்கேற்கவும், எழுத்திலே கருத்துரைக்கவும் வழி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முடிவும் காரணத்தோடு மக்களுக்கு அறிவிக்கப்படுதல் வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. வீட்டுப் பெட்டியிலே உறங்கும் கப்பற் சீட்டுகளையும், குடியேற்ற ஆணைகளையும், பழைய படங்களையும் இளைஞர்கள் படியெடுத்துச் சங்கத்திலே சேர்ப்பார்களாக. முதியோர் வாய்மொழியைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்பார்களாக. நாளை அக்குழுவிலே நமக்கு ஓர் இடம் கிடைக்குமாயின், அங்கே செல்பவர் வெறுங்கையோடு செல்லலாகாது.

இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டிலே மாநக்கவாரம் என்னும் பெயர் இருப்பதால் அன்றோ, ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் நிக்கோபாரின் பழைமையைப் பேசுகின்றோம்! பொறித்து வைத்தவை நின்றன. நாமும் பொறித்து வைப்போம்.