முடிவறிந்து தொடங்கும் கதை



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசப் புகுந்தால், ‘அதைப் பார்க்காதே, பாடத்தைப் படி’ என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என நீங்கள் எண்ணுவது இயல்பே. நான் அதற்காக வரவில்லை. பல நாள் தொடர்ந்து கேட்கும் கதை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. அத்தகைய கதையை முதலிலிருந்து முடிவு வரை ஒரே கட்டுக்கோப்பாகச் சொல்வது எங்ஙனம் என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் பணி புரிந்ததும் இன்று வாழ்வதும் கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் வரும் புதியவர்க்கு, சில வளைவுகளில், வந்த திசைக்கே திரும்பிப் போகிறோமோ என்ற ஐயம் எழும். சாலையை வகுத்தவர்க்கு அந்த ஐயம் எழுந்திருக்க முடியாது. போய்ச் சேர வேண்டிய இடத்தை அறிந்தவரே இத்தனை வளைவுகளைத் துணிந்து வெட்ட இயலும். திருப்பங்கள் மிகுந்த கதையும் அவ்வாறே.

எங்கள் மலையடிவாரத்துக் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என்றும் குன்னுடையான் கதை என்றும் வழங்கும் பெருங்கதை ஒன்று உண்டு. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் வரலாறு அது. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவர். கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965-இல் இதனைக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. அவரே பின்னாளில் இதனை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டப் படத்தொடராகவும் ஆக்கினார். உடுக்கைப் பாட்டு தொலைக்காட்சித் தொடராக மாறியதற்கு இதைவிட நேரான சான்று வேறு வேண்டுமோ?

இக்கதையில் ஓர் உண்மையைக் கவனியுங்கள். வீரர் இருவருக்கும் ஆயுள் 16 ஆண்டுகளே என்பது அவர்கள் பிறக்கும் முன்பே வரமாக வரையறுக்கப்பட்டு விடுகிறது. கேட்போர் அனைவருக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் 18 இரவுகள் கண் விழிக்கின்றனர். முடிவு தெரிந்தமையால் சுவை குன்றவில்லை. அண்ணன்மாரின் ஒவ்வொரு வெற்றியும் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் ஒன்றைக் கழிப்பதாகவே கேட்போர் நெஞ்சில் படுகிறது. முடிவைத் தொடக்கத்திலேயே ஊன்றி வைத்ததன் பயன் அது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1997-இல் சன் தொலைக்காட்சியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ என்னும் தொடர் வந்தது. 2024-இல் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, இயக்கியவர் நாகா. ஊரைக் காக்கும் கருப்பசாமியே குற்றவாளிகளைத் தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு சிற்றூர். அந்நம்பிக்கையைப் பரிசோதிக்கும் இளைஞர்கள். சிறுவயதுக் காலம் ஒன்று, வளர்ந்த காலம் ஒன்று என இரு காலங்கள் அடுத்தடுத்து நகரும் அமைப்பு. முடிவை நான் சொல்லப் போவதில்லை. இனிமேல் பார்க்க இருக்கும் மாணவரிடம் அந்த இன்பத்தைப் பறிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அடாது. ஆனால் முடிவைக் கண்டவர் தொடக்கத்துக்குத் திரும்பினால், விடையின் குறிப்புகள் கண்ணெதிரே வைக்கப்பட்டிருந்ததைக் காண்பார்.

அக்காலத்தில் செம்மேட்டில் ஒரு கடையில் இருந்த பெட்டியில்தான் எங்கள் விடுதி மாணவர் சிலர் அதைப் பார்ப்பர். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுவிடும். ஒரு வாரம் தவறினால் போதும். மறுநாள் பள்ளியில், கீழே நாமக்கல்லுக்குப் போய்ப் பார்த்து வந்தவன் எவனோ அவனைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, விட்டுப்போனதைக் கேட்டறிந்த பின்பே வகுப்புக்கு வருவர். நாள்தோறும் வரும் வேறு சில தொடர்களை அதே மாணவர் மூன்று வாரம் பாராதிருந்தும், நான்காம் வாரம் ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது என்றனர். எந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் குறை தோன்றாத கதையை எப்படிக் கதை என்பது? எனக்கு அதுவே நல்ல தேர்வாகப் பட்டது. ஆசிரியர் பயிற்சியின்போது பாடக்குறிப்பு எழுத எங்களுக்குக் கற்பித்தவர், பாட இறுதியில் கேட்கும் வினாக்களை முதலில் எழுதச் சொல்வார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவன்றி வேறு முறை இல்லை என்று கண்டோம்.

நாள்தோறும் வருவன எல்லாம் வீண் என்பது என் கருத்தன்று. 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ 800 பகுதிகளுக்கு மேல் ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கடமை என்னும் உறுதியான நூல் அதற்கு இருந்தது. ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதிக்கு அரை மணி என்றால் 400 மணி நேரம். ஒரு பாடத்தை இரண்டாண்டுக்கு மேல் கற்பிக்கும் காலம் அது. காண்போரின் வாழ்நாளில் இத்தனையைக் கேட்டுப் பெறுகிறவர், எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டாமா? விளம்பர வருவாய் உள்ளவரை நீட்டி, அது குன்றியதும் ஒரு திருமணத்தைக் காட்டி முடித்துவிடும் வழக்கத்தை என்னால் மன்னிக்க இயலவில்லை.

திட்டம் வகுத்தலுக்கு மேல்நாட்டார் எடுத்துக்காட்டும் தொடர் ‘பாபிலோன் 5’. விண்வெளி நிலையம் ஒன்றைப் பற்றிய இந்த அமெரிக்கத் தொடரை, ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்பவர் ஐந்து ஆண்டுகளில் முடியும் ஒரே நாவலாகக் கருதி அமைத்தார். 1993-இல் முன்னோட்டப் படமும், 1994 முதல் 1998 வரை 110 பகுதிகளும் வந்தன. அவற்றுள் 92 பகுதிகளை அவரே எழுதினார். ஆனால் திட்டம் ஒன்று, நடப்பது ஒன்று. முதல் ஆண்டின் முடிவில் தலைமை நடிகர் விலகினார். அத்தகைய நிலை வரக்கூடும் என்று எண்ணி, ஒவ்வொரு பாத்திரமும் கதையை விட்டு விலகுவதற்கு ஒரு வழியை அவர் முன்பே வைத்திருந்தார். ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்பது ஐயமானபோது, நான்காம் ஆண்டிலேயே பெரும் நிகழ்ச்சிகளைச் சுருக்கி முடித்து, இறுதிப் பகுதியையும் படமாக்கிவிட்டார். ஐந்தாம் ஆண்டு கிடைத்தது. இறுதிப் பகுதி அதுவரை காத்திருந்து 1998-இல் வெளிவந்தது. முடிவு கையில் இருந்தமையால் வழியை மாற்றும் துணிவு அவருக்கு வந்தது.

நம் கல்கிக்கு அந்த எல்லையை வரலாறே வகுத்துத் தந்தது. 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்த ‘பொன்னியின் செல்வன்’ எந்த அரசுரிமைச் சிக்கலில் தொடங்கியதோ அச்சிக்கல் தீர்ந்ததும் நிற்கிறது. வாசகர் நிறைவடையவில்லை, இன்னார் என்ன ஆனார், இன்னார் என்ன ஆனார் என்று கேட்டனர். கல்கி முடிவுரை ஒன்று எழுதி விளக்கினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதில் இன்றும் வாசகர் ஒருமித்தவரல்லர். நன்கு திட்டமிட்ட கதை என்றால் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட வேண்டும் என்பதில்லை; எதைத் திறந்து வைக்கிறோம் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் போதும்.

அண்மையில் புதிய முறை ஒன்று வந்துள்ளது. புஷ்கர், காயத்ரி இணையர் எழுதிய ‘சுழல்’ தொடரின் முதற்பருவம் 2022 ஜூன் மாதம் இணையத்தின் வாயிலாக எட்டுப் பகுதிகளாக வந்தது. காணாமற்போன பெண்ணைத் தேடும் கதையும், அங்காளம்மனுக்குரிய மயானக் கொள்ளைத் திருவிழாவும் அதில் ஒன்றாகவே நகர்கின்றன. திருவிழாவுக்கு முடிவு நாள் உண்டு. ஆகவே கதைக்கும் உண்டு. நம் கிராமத்துக் கூத்தும் திருவிழாவை ஒட்டி நடப்பதுதானே! எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியானமையால், பிறகு நீட்டவோ குறைக்கவோ இடமில்லை. எழுதியவர் முழுவதையும் முடித்தே நம் முன் வைத்தாக வேண்டும். இந்த ஒழுங்கை நான் வரவேற்கிறேன். இழப்பும் இல்லாமல் இல்லை. செம்மேட்டு மாணவர் ஏழு நாள் கூடிக்கூடி, கருப்பசாமியாக வருவது யார் என்று தம் தம் விடையைச் சொல்லி வாதாடினர். ஒருவன் விடையை மற்றவன் உடைப்பான். ஒரே இரவில் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்துவிடும் என் பேரனுக்கு அந்த ஏழு நாள் கிடைப்பதில்லை.