விதையில் யாருடைய உழைப்பு?

(ஈஜிபுராவில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈஜிபுராவில் கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்களில் பல, தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளை விட்டு வந்தவை. நிலம் கைநழுவினாலும் உணவுப் பழக்கம் மாறவில்லை. தமிழர் களி என்றும் கன்னடர் முத்தே என்றும் அழைக்கும் கேழ்வரகு உருண்டை இரு மொழி உழைப்பாளிகளுக்கும் பொதுவானது. அதன் விதை யாருடைய உழைப்பில் உருவானது, அது யாருக்குச் சொந்தம் என்பதே இன்று பரிசீலிக்க வேண்டிய கேள்வி.

இதே பெங்களூருவின் ஹெப்பாளில் 1913-ஆம் ஆண்டு கேழ்வரகு ஆராய்ச்சி தொடங்கியது. பிற்காலத்தில் மண்டியா வி.சி. பண்ணையில் பணியாற்றிய விஞ்ஞானி லட்சுமணய்யா, இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் இணைத்து 'இண்டாஃப்' வரிசை ரகங்களை உருவாக்கினார். கேழ்வரகுப் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதில் இரு ரகங்களைக் கலப்பது மிகுந்த பொறுமையைக் கோரும் பணி. பொதுப் பணத்தில் நடந்த இந்த ஆராய்ச்சியின் பயன் சிறு விவசாயியின் வயலுக்குச் சென்றது. அவர் இணைத்த பெற்றோர் ரகங்களோ, இரு கண்டங்களின் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காத்தவை. ஆகவே, அந்த விதையில் தொடக்கத்திலேயே இரு தரப்பு உழைப்பும் கலந்திருந்தது.

ஆனால் ஆராய்ச்சிப் பண்ணையின் மண் வேறு, மழையை மட்டுமே நம்பிய விவசாயியின் மண் வேறு. பண்ணையில் மகசூலை அளப்பவர் தானியத்தை எடை போடுவார். விவசாயி, மாட்டுக்குத் தாள் கிடைக்குமா, மழை தாமதித்தாலும் கதிர் பிடிக்குமா, குலைநோயைத் தாங்குமா என்று பார்ப்பார். மாவு களிக்கு ஏற்றதா என்பதை வீட்டுப் பெண்ணே அறிவார். இந்த அறிவுக்குத் தேர்வில் இடம் அளிப்பதே பங்கேற்பு முறைப் பயிர்ப்பெருக்கம். விஞ்ஞானி கலப்பினங்களை உருவாக்குவார். விவசாயிகள் தங்கள் வயலிலேயே அவற்றை வளர்த்து, ஒப்பிட்டு, தேர்ந்தெடுப்பார்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் சைலஜா ஹிட்டல்மணியின் குழு வறட்சியைத் தாங்கும் எம்.எல். 365 கேழ்வரகு ரகத்தை விவசாயிகளின் பங்கேற்புடன் உருவாக்கியது. அதன் பெற்றோரில் ஒன்று லட்சுமணய்யாவின் இண்டாஃப் 5.

உழைப்பில் பங்கு இருந்தும் உரிமையில் பங்கு மறுக்கப்பட்டால் என்ன நேரும்? மராட்டியத்தின் சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே, 1980-களில் தம் வயலில் மாறுபட்டுத் தெரிந்த சில நெற்கதிர்களைப் பிரித்தெடுத்து, ஆண்டுதோறும் விதைத்துப் புதிய ரகம் கண்டார். பெங்களூருவின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் உருவாக்கிய எச்.எம்.டி. கடிகாரத்தின் பெயரே அந்த நெல்லுக்கு வந்தது. பின்னர் வேளாண் பல்கலைக்கழகம் அதைத் தூய்மைப்படுத்தி 'பி.கே.வி. எச்.எம்.டி.' என்று வெளியிட்டது. தமக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று தாதாஜி முறையிட்டார். நாடெங்கும் அவருடைய அரிசி விற்றது. அவரோ 2018-இல் வறுமையிலேயே மறைந்தார்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், புதிய ரகத்தை உருவாக்கிய விவசாயிக்கும் அதைப் பதிவு செய்யும் உரிமையை வழங்குகிறது. விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரின்றி விற்கவும் 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இருப்பினும் 2019-இல் பெப்சிகோ நிறுவனம் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்த பின்னரே வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையையும் இயக்கமே காத்தது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுத்துறை விதை ஆராய்ச்சிக்குப் போதிய நிதியும் நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும். ரகத் தேர்வில் மானாவாரி விவசாயிகளுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், முடிவெடுக்கும் இடம் வேண்டும். உருவாக்கிய விவசாயியின் பெயர் ரகத்தின் ஆவணத்தில் இடம்பெற வேண்டும். 39-ஆம் பிரிவைப் பலவீனப்படுத்தும் எந்தத் திருத்தத்தையும் ஏற்கக் கூடாது.

இவை கிராமத்துக் கோரிக்கைகள் மட்டுமல்ல. விதையின் விலை ஏறினால் சாகுபடிச் செலவு ஏறும். சிறு விவசாயி கடனில் வீழ்ந்து நகரத்துக்கு வேலை தேடி வருவார். அந்தப் பாதையில் வந்த குடும்பங்கள் ஈஜிபுராவிலும் உண்டு. விதை உரிமைக்கான போராட்டத்தில் விவசாயிகள் இயக்கத்தோடு நகரத்துத் தொழிலாளர்களும் தோள் சேர வேண்டும்.