எச்சில் தொடாம ஒட்டுற கவர்

2021 சட்டமன்றத் தேர்தல்ல 80 வயசு தாண்டினவங்க வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாம்னு வசதி வந்துச்சு. பெரம்பலூர், அரியலூர்லயும்தான். வாக்குச்சீட்டு சின்ன கவர்ல. அதுவும் உறுதிமொழிப் படிவமும் பெரிய கவர்ல. அந்த ரகசியத்தைக் காக்குறது வெறும் பசை!

சாதாரண கவர்ல காய்ந்த பசை. ஈரம் பட்டாத்தான் ஒட்டும். கொரோனா காலத்துல எச்சில் தொட யாருக்கு மனசு வரும்? செல்ஃப் சீல் கவர் வேற மாதிரி. மடிப்புலயும் உடம்புலயும் ரப்பர் பால் பூச்சு இருக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மட்டும்தான் நல்லாப் பிடிக்கும். எங்க மென்பொருள் பாஷையில, ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் கனெக்‌ஷன்.

ஆனா சூடும் காற்றும் பட்டுப் பழசானா ரப்பர் பிடிப்பை இழந்துடும். நம்ம ஊர் வெயிலுக்கு நான் சொல்றது இதுதான்: கட்டுக்கட்டா வாங்கி அடுக்காதீங்க. முக்கியமான கடிதம்னா, அழுத்தி மூடிட்டு ஓரத்தை லேசா இழுத்துப் பாருங்க.