முகம் காட்டாத துக்கம்

சாவு வீடு. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறார்கள். மூத்த மகன் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பெத்த அப்பன் போயிட்டான், ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று அவன் காதுபடவே பேசுகிறார்கள். அவனுக்குச் சில வருஷங்களாக மனச்சிதைவு நோய்.

மனச்சிதைவு என்றதும் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும். உணர்ச்சி முகத்துக்கு வராமல் போகிற இந்த அறிகுறி அவ்வளவு சுலபத்தில் விலகாது. சிரிப்பு வராது. குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. பேசும்போது கை அசையாது. யாரையும் தொந்தரவு செய்யாத அறிகுறி என்பதாலோ என்னவோ, வீட்டார் இதை நோய்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. திமிர் என்கிறார்கள், பாசமில்லாதவன் என்கிறார்கள்.

அது எவ்வளவு தவறு என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. ஆன் கிரிங், ஜான் நீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1996-இல் வெளியிட்டது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே திரைப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். நோயுள்ளவர்களின் முகத்தில் அசைவு குறைவு. ஆனால், "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டபோது, மற்றவர்களுக்குச் சற்றும் குறையாத உணர்ச்சியைச் சொன்னார்கள். மனம் கலங்கும்போது தோலில் உண்டாகும் மாற்றத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். அது இவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது.

அப்படியென்றால், அந்தச் சாவு வீட்டுப் பேச்சு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் இந்த நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972-லேயே எழுதிவிட்டார்கள். முகத்தைப் பார்த்து முடிவுகட்டாமல், "மனசுக்கு எப்படிப்பா இருக்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

இன்னொன்று. முகம் இறுகுவதற்கு மனச்சோர்வும் காரணமாகலாம், பார்க்கின்சன் நோயும் காரணமாகலாம், சில சமயம் மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரையே காரணமாகலாம். அதனால் மருத்துவரிடம் "டல்லா இருக்கான் டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை மாற்றியதற்கு முன்பா பின்பா, கை நடுங்குகிறதா, நடை மெதுவாகிவிட்டதா, தூக்கம் எப்படி என்பதையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.