இன்றைக்கு ஐந்து வரி

(வானொலி இலக்கியத் தொடரில் புத்தாண்டையொட்டி நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் வசிக்கும் வத்தளையிலே ஆண்டு ஒரு தடவை மட்டும் பிறப்பதில்லை. ஜனவரி முதலாந் திகதி நள்ளிரவில் தேவாலய மணிகள் ஒலிக்க, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் ஊத, சீனவெடிகள் அதிர ஒரு முறை பிறக்கிறது. இரண்டு வாரத்தில் தை பிறக்கிறது. சித்திரையிலே அயல் வீட்டுச் சிங்களப் பெண்களின் ரபான் ஒலியோடும் எங்கள் மருத்துநீரோடும் மீண்டும் ஒரு முறை. மாபோலை நண்பர்களுக்கு முஹர்ரம் வேறு இருக்கிறது. ஒத்திப்போடுகிற பேர்வழிகளுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. ஜனவரியில் முறிந்த தீர்மானத்தைத் தைக்குத் தள்ளலாம். தையில் முறிந்ததைச் சித்திரைக்குத் தள்ளலாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் தள்ளினேன்.

என்னிடம் பதினொரு டயறிகள் இருக்கின்றன. ஆண்டு முடிவிலே வங்கியொன்று அன்பளிப்பாகக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் அழகான கையெழுத்தில் தீர்மானங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புவது. சீனியைக் குறைப்பது. சிங்களம் பிழையின்றி எழுதப் பழகுவது. இவை ஆண்டுக்காண்டு மாறும். மாறாதது ஒன்று: "அம்மாவின் வாழ்க்கையை நூலாக எழுதி இவ்வாண்டு வெளியிடுவது." ஜனவரி ஒன்பதாம் பத்தாம் திகதிக்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. அதன் பின் பால்காரரின் கணக்கும் சலவைக் கணக்கும்.

அம்மா வலிகாமத்திலே தோட்டக் கிராமமொன்றில் பிறந்தவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு ஊரை விட்டவர். வத்தளைக்கு வந்த புதிதில், சமையலறையிலே சுளகை வைத்துக்கொண்டு ஏதாவது தொடங்குவார். நான் அவசரத்தில் இருப்பேன். "அம்மா, புத்தகம் எழுதேக்கை ஆறுதலாய் இருந்து கேட்கிறன்" என்பேன். "அது பெரிய கதை பிள்ளை" என்று சொல்லி அவர் அரிசியைப் புடைப்பார். பெரிய கதைக்குப் பெரிய நேரம் வேண்டும் என்று இருவருமே நம்பியிருந்தோம்.

2018ஆம் ஆண்டின் கடைசியில் அம்மா ஒரே கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். பிறகு மூன்று முறை. ஒருநாள் என்னைத் தம் தமையனாரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இது ஞாபகம் தேய்கிற நோய், மெதுவாகப் போகும், ஆனால் போகும் என்றார் வைத்தியர்.

அந்த ஜனவரி முதலாந் திகதி, புதிய டயறியைத் திறந்து வழக்கமான வரியை எழுதப் போன பேனை நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, "ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம்" என்று எழுதினேன். நான்கு நாட்களில் அதுவும் தோற்றது. மாலையில் கோட்டையிலிருந்து 107ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வந்து இறங்குபவருக்கு ஒரு பக்கம் என்பது மலை. அரைப் பக்கமாக்கினேன், அது ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. கடைசியில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, "இன்றைக்கு ஐந்து வரி" என்று அட்டையில் எழுதினேன். நாளைக்கு என்ன என்று அதில் எழுதவில்லை.

நேயர்களே, இது நான் கண்டுபிடித்த புதுமையன்று. கோவிலிலே அர்ச்சனைக்கு முன் குருக்கள் சங்கற்பம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆண்டு, அயனம், இருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று நேரத்தை இறுக்கிக்கொண்டே வந்து, இந்த இடத்தில், இந்தப் பெயருடையவர், இப்போது செய்யும் இந்தப் பூசை என்று முடிக்கிறார். தீர்மானத்துக்கு நம்மவர் வைத்த பழைய சொல்லே சங்கற்பந்தான். அது அடுத்த அரை மணி நேரத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. சித்திரை வருடப்பிறப்பும் அப்படித்தான். சுபநேரத்தில் கமக்காரர் மண்ணைச் சிறிது கொத்துவார், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து கொஞ்சம் படிப்பார்கள், பெரியவர்கள் கைவிசேஷமாக ஒரு நாணயம் தருவார்கள். இந்த ஆண்டு இத்தனை பரப்பு உழுவேன் என்று யாரும் சபதம் செய்வதில்லை. வேலையின் ஒரு துளியைச் செய்துவிட்டு மாவலகாரம் சாப்பிடப் போய்விடுகிறார்கள். சபதம் செய்கிற பழக்கம் டயறியோடு வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேல்நாட்டிலும் எல்லோரும் பெரிய சபதக்காரர்கள் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்ளின் 13 நற்குணங்களை எழுதிவைத்து, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் கருத்தூன்றினார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பிழை விட்ட நாளில் சிறு கொப்பியொன்றிலே கரும்புள்ளி வைப்பார். புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதாம். பிறகு தந்தத் தகடுகளில் கோடு கீறி, பென்சிலால் புள்ளியிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்தார். ஒழுங்கு என்ற குணத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டியதாகச் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது.

ஆனால் எனக்கு நெருக்கமான உதாரணம் நம் நாட்டிலேயே, இலக்கியத்திலேயே இருக்கிறது. டொமினிக் ஜீவாவைச் சொல்கிறேன். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தபடியே எழுதியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். இந்த மண்ணிலே சிற்றிதழ்கள் பெரும் பிரகடனங்களோடு பிறந்து, சில இதழ்களோடு மறைவது வழமை. மல்லிகை 2012 வரை வந்தது. நானூறு இதழ்களுக்கு மேல். இடையிலே போர், இடப்பெயர்வு, கொழும்பு 13 ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு மாறிய வாழ்க்கை எல்லாம் இருந்தன.

நானூறு இதழ் போடுவேன் என்று 1966இல் ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவருக்கு முன்னால் எப்போதும் இருந்தது அடுத்த இதழ்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு எழுத்துக் கேட்க வேண்டும், அச்சகத்துக்கு ஓட வேண்டும், வந்ததும் தாமே தோளில் சுமந்து போய், கையில் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். அவருடைய இலக்கியக் கருத்துகளோடு முரண்பட்டவர்கள் உண்டு. நானும் சில இடங்களில் முரண்படுவேன். ஆனால் 2021 ஜனவரியில் அவர் மறைந்த செய்தி கேட்டபோது, என் பதினொரு டயறிகளையும் நினைத்து வெட்கப்பட்டேன்.

தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் 'மதுரைத் திட்டம்' 1998 தைப்பொங்கலன்று தொடங்கியதும் நினைவுக்கு வருகிறது. பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் ஊதியமின்றி, தங்களால் இயன்ற பங்கைத் தட்டெழுத, வேறொருவர் பிழை திருத்தினார். அவர்களும் கைக்கு அடங்கியதைத்தான் எடுத்தார்கள்.

சரி, என் ஐந்து வரிக்கு வருகிறேன். அதன் பெறுமதி கெட்ட நாட்களில்தான் தெரிந்தது. 2020இல் ஊரடங்கு. 2022இல் எரிபொருள் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியின் விலையைக் கேட்டு நான் கடையிலேயே நின்றுவிட்டேன். அதன் பின் வரிகளை நெருக்கி எழுதப் பழகினேன். மெழுகுதிரி வெளிச்சத்திலும் ஐந்து வரி எழுதலாம். ஒரு நூல் எழுத முடியாது. தவறிய நாட்களும் உண்டு. தவறினால் மறுநாள் பத்து வரி எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். கடன் சேர்ந்தால் நான் மறுபடியும் சித்திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அம்மாவின் முழுக் கதை எனக்குக் கிடைக்கவில்லை. அது 2018க்கு முன் சமையலறையிலே அரிசியோடு போய்விட்டது. எனக்குக் கிடைப்பவை துண்டுகள். ஒரு நாள் "துலா மிதிக்கிறவை இறங்கி வந்தால் பிளாவிலை கூழ் வார்ப்பம்" என்றார். பிளா என்றால் என்ன என்று பேரப்பிள்ளை கேட்க, அம்மாவின் விரல்கள் தாமாகவே காற்றில் பனையோலையை மடித்துக் கோலின. சொல் மறந்தாலும் கை மறக்கவில்லை. அன்றைக்கு ஐந்து வரி போதாமல் எட்டு வரி எழுதினேன். இன்னொரு நாள், "பட்டை பொத்தலாய்ப் போச்சு, அண்ணையிட்டைச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அதையே எழுதினேன். "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்ட நாளும் கொப்பியில் இருக்கிறது. அன்றைக்கு ஒரே வரிதான்.

இப்போது ஒன்பதாவது கொப்பி நடக்கிறது. இது நூலாகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் அது மறுபடியும் டயறியின் முதற்பக்கத்துக்குப் போய்விடும்.

நேயர்களே, அம்மா எட்டரைக்கு நித்திரைக்குப் போய்விடுவார். இன்றைய ஐந்து வரி இன்னும் எழுதவில்லை. களனிப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லாவிட்டால் எட்டு மணிக்கு முன் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.