சிகிச்சை முடிஞ்சாச்சு, அப்புறம்?

கருப்பைவாய், கருப்பை, சினைப்பை புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பிய அக்காக்கள், அம்மாக்கள், அவங்க வீட்டுக்காரங்க எல்லாருக்கும்தான் இந்தப் பேச்சு.

"அதான் குணமாயிடுச்சே, இன்னும் ஏன் சோர்ந்து உட்கார்ந்திருக்க?" இப்படிக் கேட்காத சொந்தக்காரங்க குறைவு. ஆனா உடம்பு கேலண்டர் பார்த்துச் சரியாவதில்லை. களைப்பு பல மாதம் நீடிக்கலாம். சினைப்பைகளை எடுத்திருந்தால் முப்பது வயதிலேயே மாதவிடாய் நின்று, உடல் சூடு, தூக்கமின்மை எல்லாம் வரும்.

வெளியே சொல்லத் தயங்குற விஷயம் ஒண்ணு இருக்கு. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தபின் பிறப்புறுப்புப் பாதை வறண்டு, சுருங்கலாம். தாம்பத்தியம் வலிக்கும். அதோட, டாக்டர் உள்பரிசோதனை செய்வதும் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்தே மறுபரிசோதனையைத் தள்ளிப் போட்டால், நோய் திரும்பினாலும் தெரியாமல் போய்விடும். இதற்கு டைலேட்டர் என்ற எளிய கருவி இருக்கு. எப்போது, எப்படிப் பயன்படுத்தணும்னு மருத்துவமனையில் சொல்லித் தருவாங்க. கூட்டமான ஓ.பி.யில் டாக்டரே கேட்பார்னு காத்திருக்காதீங்க. கூச்சமா இருந்தா நர்ஸ் அக்காகிட்ட சொல்லுங்க. கணவர்மார்களே, இது தொற்றுற நோய் இல்லை. தனிப் பாய், தனித் தட்டு எதுவும் வேண்டாம்.

நெறிக்கட்டிகளை நீக்கியிருந்தால் கால் வீங்கலாம். வயலுக்கோ கோயிலுக்கோ வெறுங்காலோடு போகும்போது முள் குத்தாமல் பார்த்துக்குங்க. கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்க. மறுபடி ரத்தப்போக்கு வந்தாலும் அப்படித்தான். அடுத்த தேதி வரை பொறுக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து நகர முடியாதவங்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. 'திரும்ப வந்துடுமோ'ங்கிற பயத்தில் ராத்திரி தூக்கம் வரலைன்னா 14416. 24 மணி நேரமும் இலவசமா தமிழில் பேசலாம்.

ரயிலில் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போறவங்களுக்கும், துணைக்குப் போறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கணும். டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே போட்டோ எடுத்து செல்போனில் வச்சுக்குங்க, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பிடுங்க.