மௌனம் மருந்தாகாது: பாலியல் நலப் பரிசோதனையில் தாதியரின் பங்கு

(மேய்ஸ் ஹில்லில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் கற்றுக் கணினித் துறையில் பணிபுரிபவன். ஒரு தந்தை என்ற உரிமையோடு, நம் இல்லங்களில் பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வந்துள்ளேன்.

அவுஸ்திரேலியாவில் மிகுதியாகப் பதிவாகும் பாலியல் தொற்று கிளமிடியா. இளையோரையே இது பெரிதும் பற்றுகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தோன்றாது. கவனியாது விட்டால் பெண்ணின் கருக்குழாயைச் சிதைத்துப் பிள்ளைப்பேற்றுக்கே தடையாகலாம். ஆயினும் சிறுநீர்ப் பரிசோதனையால் இதனைக் கண்டறியலாம். சில நாள் மாத்திரைகளால் குணப்படுத்தலாம். திரையில் தெரியவில்லை என்பதால் வழுவே இல்லை என எந்தக் கணினிப் பொறியாளரும் முடிவு செய்வதில்லை. உடலுக்கும் அதுவே பொருந்தும்.

அவ்வாறிருக்க, நம் பிள்ளைகள் ஏன் தயங்குகின்றனர்? குடும்ப மருத்துவர் பல வேளைகளில் தமிழர், பெற்றோரை அறிந்தவர், கோவிலிலும் எதிர்ப்படுபவர். இரகசியம் காப்பது அவர் கடமையே. எனினும் "வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ" என்ற அச்சம் எளிதில் அகல்வதில்லை.

இங்கேதான் தாதியர் மற்றொரு வாசலைத் திறக்கின்றனர். பதற்றமின்றி வினவுவது, மாதிரி எடுக்கும் முறையை விளக்குவது, முடிவின் பொருளைக் கூறுவது, துணைவருக்கு அறிவிக்க வழிகாட்டுவது ஆகியன அவர்களின் பணிகள். மருந்து எழுதப் பெரும்பாலும் மருத்துவர் வேண்டும். ஆனால் முதல் உரையாடலைத் தாதியரிடமே தொடங்கலாம். குடும்ப மருத்துவரிடம் செல்லக் கூசுவோருக்கு, அருகே பரமற்றாவில் மேற்குச் சிட்னி பாலியல் நல நிலையம் உள்ளது. நியூ சவுத் வேல்ஸ் அரச பாலியல் நல நிலையங்களில் கட்டணமில்லை. மெடிக்கெயார் அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தேவையில்லை.

தாய்மாருக்கும் ஒரு செய்தி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் பரிசோதனை, 2017 டிசம்பர் முதல் 25 இலிருந்து 74 வயது வரையான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 2022 யூலை முதல் விரும்புவோர் மாதிரியைத் தாமே எடுக்கலாம். பயிற்சி பெற்ற தாதியர் அதனை விளக்குவர். இந்நோய்க்குக் காரணமான பப்பிலோமா வைரசுக்கு எதிராக நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் தடுப்பூசி ஏற்றுபவரும் தாதியரே.

"பரிசோதனைக்கு அனுப்பினால் தவறுக்கு அனுமதி அளித்ததாகாதா?" எனச் சிலர் வினவலாம். கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் இந்நாட்டில் சிபிலிசுப் பரிசோதனை செய்யப்படுகிறது. அவர்களின் ஒழுக்கத்தை எவரும் ஐயுறுவதில்லை. குழந்தையைக் காப்பதே நோக்கம். சிபிலிசுப் பரவல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிலையில், இவ்வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும்.

பெற்றோர்களே, பதின்ம வயதுப் பிள்ளையை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், சில நிமிடங்கள் வெளியே அமர்ந்து அவரைத் தனியே பேச விடுங்கள். இளையோரே, 15 வயதானால் உங்களுக்கெனத் தனி மெடிக்கெயார் அட்டை பெறலாம். ஆங்கிலத்தில் இடர்ப்படும் முதியோர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தயங்காது கேளுங்கள்.

கடல் கடந்து வந்து பிள்ளைகளின் கல்விக்காக அனைத்தையும் ஈந்தவர்கள் நாம். அவர்களின் உடல்நலத்துக்காக நம் கூச்சத்தையும் சற்றே விட்டுக்கொடுப்போம்.